எக்ஸாஸ்ட் மாற்றிய பிறகு டர்போ பூஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. கோவையில் பம்பு தயாரிக்கும் இடத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை. அழுத்தம், ஓட்டம், வால்வு இவற்றோடுதான் பொழுது போகிறது. வீட்டில் ஒரு ஃபியட் லீனியா டி-ஜெட் இருக்கிறது. 1368 சிசி டர்போ பெட்ரோல். அதற்கு எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும் பைப்) மாற்றி, பூஸ்ட் கையை மீறிப் போய், ஆறு மாதம் அலைந்து சரி செய்த கதை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பூஸ்ட்னா என்னங்க? டர்போ சுத்துற வேகமா?

இல்லை. என்ஜினுக்குள் போகும் காற்று, வெளிக்காற்றை விட எவ்வளவு கூடுதல் அழுத்தத்தில் இருக்கிறது என்பதுதான் பூஸ்ட். பார் அல்லது பிஎஸ்ஐ கணக்கில் சொல்வார்கள். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ.

என்ஜினிலிருந்து வரும் புகை டர்பைன் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் சக்கரம் காற்றை இழுத்து அமுக்கி உள்ளே தள்ளுகிறது. சின்ன கார்களின் டர்போ நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுக்கு மேலும் போகும். காற்று கூடினால் புகை கூடும், புகை கூடினால் சுற்று கூடும், சுற்று கூடினால் மறுபடி காற்று கூடும். இப்படியே விட்டால் ஏதாவது ஒன்று உடையும் வரை நிற்காது.

அதை நிறுத்துவதுதான் வேஸ்ட்கேட். ஏரிக்குக் கலிங்கு மாதிரி. போதும் என்ற அளவு வந்ததும், மிச்சப் புகையை டர்பைன் பக்கம் விடாமல் பக்கவாட்டு ஓட்டை வழியாக நேரே எக்ஸாஸ்ட்டுக்குத் தள்ளிவிடும். அந்த ஓட்டையை மூடியிருக்கும் சின்ன மூடியை ஒரு கம்பி நகர்த்துகிறது. கம்பியை அசைப்பது ஆக்சுவேட்டர் என்கிற டப்பா. அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு டயஃப்ரம். பூஸ்ட் அழுத்தம் டயஃப்ரத்தைத் தள்ளி ஸ்பிரிங்கை வென்றால் மூடி திறக்கும். நடுவில் இருக்கும், மின்சாரத்தில் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு, ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தில் கொஞ்சத்தைத் திருப்பி விட்டு ஏமாற்றும். அதனால் ஸ்பிரிங் அனுமதிப்பதை விடக் கூடுதல் பூஸ்ட் கிடைக்கும். எவ்வளவு ஏமாற்றுவது என்பதை இசியு என்கிற என்ஜின் கணினி முடிவு செய்கிறது. போலோவின் 1.0 டிஎஸ்ஐ போன்ற புதிய என்ஜின்களில் டப்பாவுக்குப் பதில் மின்மோட்டார் இருக்கும். வேலை ஒன்றுதான்.

சைலன்சர் காருக்குப் பின்னாடி இருக்கு. டர்போ முன்னாடி இருக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?

டர்பைனைச் சுற்றுவது வெறும் புகை இல்லை. டர்பைனுக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் அழுத்த விகிதம். பின்னால் இருக்கும் பைப் அடைப்பாக இருந்தால் அந்த விகிதம் சுருங்கும்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டர்பைனுக்கு முன்னால் முழு அழுத்தம் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து) 2.0 பார், பின்னால் 1.3 பார் என்றால் விகிதம் 1.54. பைப்பை மாற்றிப் பின்னால் 1.1 பார் ஆக்கிவிட்டால் அதே விகிதம் 1.82 ஆகிவிடும். ஆக்ஸிலரேட்டரில் கூடுதலாக ஒன்றும் மிதிக்கவில்லை. ஆனால் டர்பைனுக்குக் கிடைக்கும் வேலை நன்றாகவே கூடிவிட்டது. அதனால்தான் எக்ஸாஸ்ட் மாற்றியதும் முதலில் உணர்வது, பூஸ்ட் முன்பை விடக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே எழுந்து வருவது. அது நல்லது. எழுந்தது எங்கே நிற்கிறது என்பதில்தான் பிரச்சினை ஆரம்பிக்கிறது.

நான் கேட்பேக் மட்டும்தான் போட்டிருக்கேன். ரீமேப் கட்டாயமா? போட்டுக் கொடுத்தவர் எதுவும் வேணாம்னு சொல்றார்.

அவர் சொல்வது பெரும்பாலும் சரி. ரீமேப் என்றால் இசியுவுக்குள் இருக்கும் கட்டளை அட்டவணையை (மேப்) மாற்றி எழுதுவது. அதைச் செய்பவர் டியூனர். கேட்பேக் என்றால் புகையின் மாசைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பைப்பும் சைலன்சரும் மட்டும். டர்போ காரில் புகையை அதிகம் மறிப்பது கன்வெர்ட்டரும் அதற்கு முன்னால் இருக்கும் குறுகலான பைப்பும்தான். பின்பகுதியை மாற்றினால் சத்தம் நிறைய மாறும், பூஸ்ட் கொஞ்சம்தான் மாறும். அந்தக் கொஞ்சத்தை இசியு தானே சமாளித்துக்கொள்ளும்.

ஆனாலும் ஒரு முறை பூஸ்ட்டைப் பார்த்துவிடுங்கள். பின்பைப்பை மாற்றும்போது நடு இணைப்பில் கேஸ்கெட் சரியாக உட்காராமல் விடுவதும், டர்போவுக்குப் பக்கத்தில் ஓடும் ரப்பர் ஹோஸை இடித்துத் தளர்த்திவிடுவதும் சகஜம்.

டவுன்பைப் மாத்தினா மட்டும் ஏன் எல்லாரும் பயமுறுத்துறீங்க?

டவுன்பைப் என்பது டர்போவின் வாயிலிருந்து இறங்கும் முதல் பைப். வேஸ்ட்கேட் வழியாகத் தப்பும் புகையும் டர்பைன் வழியாக வரும் புகையும் அங்கேதான் சேர்கின்றன. அதை அகலப்படுத்தினால் டர்பைனின் வேலை கூடுகிறது. அப்படியானால் முன்பை விட அதிகப் புகையை வேஸ்ட்கேட் வெளியே விட்டால்தான் பழைய பூஸ்ட்டில் நிற்க முடியும். ஓட்டையின் அளவோ கம்பெனி பழைய பைப்புக்குக் கணக்குப் போட்டு வைத்தது. வரத்து கூடிய ஏரிக்குப் பழைய கலிங்கு போதுமா என்பதுதான் கேள்வி. சில கார்களில் போதும். சிலவற்றில் போதாது.

ஜப்பான் டர்போ கார் வட்டாரத்தில் இது பழைய கதை. மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் கடைசித் தலைமுறையிலும் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ்ஸிலும் முழு எக்ஸாஸ்ட் போட்டவர்கள் பூஸ்ட் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் ஓட்டையை அரைத்துப் பெரிதாக்குவது வழக்கமான வேலையாகவே ஆகிப்போனது.

பூஸ்ட் எவ்வளவுன்னு எப்படிப் பார்க்கிறது? போன்ல ஒரு ஆப் இருக்கு, அது போதுமா?

போதும், படிக்கத் தெரிந்தால். காரின் கணினியிலிருந்து எண்களைப் படிக்கும் ஓபிடி அடாப்டரை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால், மேனிஃபோல்டு (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம் கிலோபாஸ்கலில் வரும். அது முழு அழுத்தம். பூஸ்ட் வேண்டுமென்றால் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். பல ஆப்கள் கடல்மட்டத்துக்கு உரிய 101-ஐக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கும். கோவை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 410 மீட்டர். இங்கே 96, 97தான் இருக்கும். ஊட்டியில் 77 பக்கம் வந்துவிடும். அங்கே நின்றுகொண்டு ஆப்பைப் பார்த்தால் நிஜத்தை விடக் கால் பார் குறைவாகக் காட்டும். சாவியைப் போட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். அப்போது காட்டும் எண்தான் அந்த இடத்தின் காற்றழுத்தம். அதைக் கழியுங்கள்.

மலிவான அடாப்டர்கள் நொடிக்கு நான்கைந்து முறைதான் படிக்கும். அரை நொடியில் எழுந்து அடங்கும் உச்சத்தை அவை தவற விடும். அதற்கு மேனிஃபோல்டிலிருந்து தனி ஹோஸ் எடுத்து வைக்கும் முள் மீட்டர் நல்லது. இல்லாவிட்டால் ஆப்பில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஆர்பிஎம், மேனிஃபோல்டு அழுத்தம் இரண்டை மட்டும் ஓட விடுங்கள். கொஞ்சம் வேகம் கூடும்.

இதை விட முக்கியம், எக்ஸாஸ்ட் மாற்றுவதற்கு முன்னால் ஒரு லாக் (ஓடும்போது வரும் எண்களின் பதிவு) எடுத்து வைப்பது. என்னிடம் வரும் பத்துப் பேரில் ஒருவர்கூட எடுத்திருக்க மாட்டார். "முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுங்க" என்று பதில் வரும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

லாக் எடுக்க எந்த கியர்ல, எப்படி ஓட்டணும்?

மூன்றாவது கியர். சூடான என்ஜின். 2000 ஆர்பிஎம்மில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்து, ஆக்ஸிலரேட்டரை ஒரே மூச்சில் அடிவரை மிதித்து, 5500 அல்லது 6000 வரை விட்டு எடுக்க வேண்டும். ஒன்று, இரண்டாவது கியரில் ஆர்பிஎம் வேகமாக ஏறிவிடுவதால் டர்போவுக்கு முழுச் சுமை வராது. மூன்று முறை எடுங்கள்.

இதை அவிநாசி ரோட்டில் செய்யாதீர்கள். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் நாள் கிடைத்தால் அங்கே செய்யுங்கள், அல்லது டைனோ (காரை உருளை மேல் நிறுத்தி ஓட்டிச் சோதிக்கும் மேடை) இருக்கும் பட்டறையில். லாக்கைப் பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை, ஓட்டுகிறவர் வேலை இல்லை.

பூஸ்ட் கூடுதலா வருதுன்னு தெரியுது. அது ஸ்பைக்கா, க்ரீப்பா? ரெண்டும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு வேறு. மருந்தும் வேறு.

ஸ்பைக் என்றால் மிதித்ததும் பூஸ்ட் சட்டென்று இலக்கைத் தாண்டி எகிறி, பிறகு அடங்கி இலக்குக்கு வருவது. டர்போ முன்பை விட வேகமாக எழுகிறது, ஆனால் இசியுவும் சோலினாய்டும் பழைய வேகத்துக்குப் பழகியிருக்கின்றன. மூடி திறக்கத் தாமதமாகிறது. இது கட்டுப்பாட்டுக் கோளாறு, ரீமேப்பில் சரியாகும்.

க்ரீப் என்றால் முதலில் எல்லாம் சரியாக இருக்கும். பிறகு ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட்டும் மெதுவாக ஏறும். 4000-ல் 0.8, 4800-ல் 0.95, 5500-ல் 1.1 என்று. மூடி முழுவதும் திறந்துதான் இருக்கிறது. ஆனால் ஓட்டை போதவில்லை. இதை எந்த ரீமேப்பும் சரி செய்யாது. சாஃப்ட்வேரால் ஓட்டையைப் பெரிதாக்க முடியாது அல்லவா.

மூன்றாவதாக ஒன்று உண்டு. பூஸ்ட் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருப்பது. இசியு திருத்தப் பார்க்கிறது, அதிகமாகத் திருத்துகிறது, மறுபடி எதிர்ப்பக்கம் திருத்துகிறது. லாக்கில் ரம்பப் பல் மாதிரி தெரியும். இதுவும் ரீமேப் வேலைதான். ஆனால் முதலில் ஹோஸ்களில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

க்ரீப்தான்னு எப்படி உறுதி பண்றது? டியூனர் மேப்பைச் சொல்றார், எக்ஸாஸ்ட்காரர் டியூனரைச் சொல்றார்.

இருவரையும் ஒதுக்கிவிட்டு சோலினாய்டை நடுவிலிருந்து எடுத்துவிடுங்கள். கம்ப்ரசரிலிருந்து வரும் ஹோஸை நேரே ஆக்சுவேட்டரில் மாட்டுங்கள். இப்போது ஏமாற்றுவதற்கு ஆள் இல்லை. ஸ்பிரிங் எவ்வளவோ அவ்வளவுதான் பூஸ்ட் வர வேண்டும், வந்த இடத்தில் மட்டமாக நிற்கவும் வேண்டும். ஸ்பிரிங் 0.5 பார் என்றால் 0.5-லேயே கடைசி ஆர்பிஎம் வரை கோடு படுத்திருக்கும். அப்படியிருந்தால் இயந்திரம் சரி, குறை மேப்பில். அப்போதும் ஆர்பிஎம்மோடு சேர்ந்து ஏறினால் அது க்ரீப், டியூனரைத் திட்டிப் பயனில்லை. இந்தச் சோதனையில் செக் என்ஜின் லைட் எரியலாம், பயப்பட வேண்டாம். ஆனால் பூஸ்ட் பழைய உச்சத்தைத் தாண்டும் நொடியில் காலை எடுத்துவிடுங்கள்.

மின்மோட்டார் வேஸ்ட்கேட் உள்ள கார்களில் கழற்ற ஹோஸ் இல்லை. அங்கே மூடியின் நிலையை லாக்கில் பார்க்க வேண்டும். மூடி முழுவதும் திறந்துவிட்டது என்று காட்டிக்கொண்டே பூஸ்ட் ஏறினால் அதே தீர்ப்புதான்.

அண்ணா, ஒரு பூஸ்ட் கன்ட்ரோலர் வாங்கிப் போட்டு பூஸ்ட்டைக் குறைச்சுக்கலாமா?

முடியாது தம்பி. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். கையால் திருகும் கன்ட்ரோலரோ எலெக்ட்ரானிக் கன்ட்ரோலரோ, எல்லாம் செய்வது ஒன்றுதான்: ஆக்சுவேட்டருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்து, மூடியைத் தாமதமாகத் திறக்க வைப்பது. அதாவது பூஸ்ட்டைக் கூட்டுவது. ஸ்பிரிங் அனுமதிக்கும் அளவுக்குக் கீழே எந்தக் கன்ட்ரோலராலும் கொண்டு போக முடியாது. க்ரீப் இருக்கும் காரில் மூடி ஏற்கெனவே முழுவதும் திறந்து கிடக்கிறது. அங்கே கன்ட்ரோலருக்கு வேலையே இல்லை.

க்ரீப்னு உறுதியாயிடுச்சு. அடுத்து என்ன, டர்போவை மாத்தணுமா?

அவசரப்படாதீர்கள். முதலில் டவுன்பைப்பைக் கழற்றி, மூடி உண்மையிலேயே முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். என் காரில் நடந்தது இதுதான். ஒரு பட்டறையில் செய்து வாங்கிய டவுன்பைப். வெளியே பார்க்க வெல்டிங் அழகு, காசு அடுக்கி வைத்த மாதிரி. மாட்டிய மூன்றாம் நாளே மேலே சொன்ன அதே எண்கள்: 4000-ல் 0.8, 5500-ல் 1.1. இரண்டு முறை மேப் மாற்றிப் பார்த்தோம், அசையவில்லை. கடைசியில் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தபோது, டர்போவோடு இணையும் வளையமான ஃபிளாஞ்சின் உள்விளிம்பில் கரிக்கு நடுவே பிறைநிலா மாதிரி ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வேஸ்ட்கேட் மூடி ஒவ்வொரு முறையும் திறந்து போய் அங்கே இடித்து நின்றிருக்கிறது. உள்பக்கம் வழிந்திருந்த வெல்டிங் மேடு பாதி வழியில் அதை மறித்துவிட்டது. கணபதியில் ஒரு லேத் பட்டறையில் அந்த விளிம்பை ஆறு மில்லிமீட்டர் சீவி எடுத்தோம். முக்கால் மணி நேர வேலை. பூஸ்ட் மட்டமாக நின்றது.

மூடி தாராளமாகத் திறந்தும் க்ரீப் இருந்தால் அடுத்த படி, ஓட்டையை அரைத்துப் பெரிதாக்குவது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கூட்டினாலே நல்ல வித்தியாசம் தெரியும். மூடியின் விளிம்பு ஓட்டையைச் சுற்றி நன்றாக உட்கார இடம் விட வேண்டும். பேராசைப்பட்டு அரைத்தால் மூடி உட்காராமல் எப்போதும் கசியும். பிறகு பூஸ்ட்டே எழாது. இதற்கு டர்போவைக் கழற்ற வேண்டும். இரும்புத்தூள் ஒரு துளி டர்பைனுக்குள் போனாலும் கதை முடிந்தது.

டவுன்பைப்பின் வாய் வடிவமும் விஷயம். வேஸ்ட்கேட் புகை வேகமாகப் பக்கவாட்டில் வந்து டர்பைன் புகையில் மோதினால் இரண்டும் தடுமாறும். ஓட்டைக்கு எதிரே தாராளமாக இடம் விட்ட வாயோ, இரண்டையும் கொஞ்ச தூரம் பிரித்துக் கொண்டுபோகும் தடுப்போ உதவும். தடுப்பு வைத்தால் அது மூடியை இடிக்காமல் இருக்க வேண்டும். இடித்தால் என் கதைதான்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் எளிய வழி ஒன்று உண்டு. யாருக்கும் சொல்லப் பிடிக்காது: எக்ஸாஸ்ட்டில் கொஞ்சம் அடைப்பை மறுபடி வைப்பது. இணைப்பில் உள்விட்டம் குறைந்த வளையம் ஒன்று, அல்லது கன்வெர்ட்டரைத் திருப்பி மாட்டுவது. செலவழித்து வாங்கிய மூன்று அங்குல பைப்பை நாமே சுருக்குவதா என்று மனசு வராது. ஆனால் தினமும் அலுவலகத்துக்குப் போகும் காருக்கு இதுதான் நியாயமான முடிவு என்பது என் கருத்து.

ஆக்சுவேட்டர் கம்பியில ஒரு நட்டு இருக்கே, அதைத் திருகினா பூஸ்ட் குறையும்னு சொல்றாங்களே?

குறையும், ஓரளவுக்கு. கம்பியை நீளமாக்கினால் ஸ்பிரிங்கின் முன்னிழுப்பு குறைந்து மூடி சீக்கிரம் திறக்கும். குட்டையாக்கினால் தாமதமாகும். ஆனால் அது திறக்க ஆரம்பிக்கும் இடத்தைத்தான் மாற்றும், ஓட்டையின் அளவை மாற்றாது. எனவே க்ரீப்புக்கு மருந்தில்லை. மிகவும் தளர்த்திவிட்டால் மூடி சரியாக மூடாமல், குறைந்த ஆர்பிஎம்மில் கார் மாட்டுவண்டி ஆகிவிடும்.

தொடுவதாக இருந்தால் அரைத் திருகு மட்டும் திருப்பி லாக் எடுங்கள். பழைய இடத்தைப் பெயின்ட்டால் குறித்து வையுங்கள். மீட்டர் வைத்த சைக்கிள் பம்பை ஆக்சுவேட்டர் ஹோஸில் மாட்டி மெதுவாக அடித்தால், எந்த அழுத்தத்தில் கம்பி அசைகிறது என்று கார் நிற்கும்போதே பார்த்துவிடலாம். டயருக்கு அடிக்கும் வேகத்தில் அடித்தால் டயஃப்ரம் கிழியும்.

எனக்கு எல்லாம் தலைகீழ். எக்ஸாஸ்ட் போட்டதுல இருந்து பூஸ்ட் குறைஞ்சிடுச்சு.

பத்துக்கு ஒன்பது முறை கசிவுதான். டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் கசிந்தால் டர்பைனுக்கு வர வேண்டிய புகை வெளியே போகிறது. குளிர்ந்த என்ஜினில் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், சூடானதும் அடங்கும். காற்று போகும் பக்கம் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தால் மிதிக்கும்போது உஸ்ஸ் என்று கேட்கும். பி0299 என்ற எரர் கோடு (பிழைக் குறியீடு) வந்தால் இலக்கு பூஸ்ட் எட்டவில்லை என்று அர்த்தம். இரண்டும் இல்லையென்றால் மேலே சொன்ன நட்டை யாராவது தொட்டார்களா என்று விசாரியுங்கள்.

பூஸ்ட் அப்படியே இருக்கு, சத்தம் மட்டும்தான் கூடியிருக்கு. பணம் வீணா?

அப்படிச் சொல்ல மாட்டேன். பூஸ்ட் அதே அளவில் நிற்கிறதென்றால் கட்டுப்பாடு ஒழுங்காக வேலை செய்கிறது. அதே பூஸ்ட்டுக்கு முன்பை விடக் குறைந்த எதிரழுத்தம் என்பதால் சிலிண்டரில் எரிந்த புகை நன்றாக வெளியேறும், வெப்பம் குறையும். அதுவே லாபம்.

ஆனால் இக்கால இசியுக்கள் டார்க்கை (என்ஜினின் சுழற்று விசையை) கணக்கிட்டு ஓட்டுபவை. உள்ளே போகும் காற்று கூடினால் "இவ்வளவு டார்க் நான் கேட்கவில்லையே" என்று த்ராட்டிலையோ பூஸ்ட்டையோ தானாகக் குறைத்துக்கொள்ளும். கூடுதல் சக்தி வேண்டுமானால் ரீமேப் வேண்டும். ரீமேப்புக்கு முன் கியர்பாக்ஸை யோசியுங்கள். பழைய 1.2 லிட்டர் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் இருந்த டிக்யூ200 எனும் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு வடிவமைக்கப்பட்டது. எக்ஸாஸ்ட்டை விட அது விலை அதிகம்.

பி0234 வந்து கார் இழுக்க மாட்டேங்குது. எரர் கோடை அழிச்சிட்டு ஓட்டலாமா?

பி0234 என்றால் பூஸ்ட் எல்லை மீறியது என்று இசியு பார்த்துவிட்டது. இழுக்காமல் இருப்பது லிம்ப் மோடு, என்ஜினைக் காப்பாற்றும் வேலை. அழித்துவிட்டு ஓட்டினால் அடுத்த மிதியில் மறுபடி வரும். எல்லையை ரீமேப்பில் உயர்த்திவிட்டால் வராது என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைப்பது அது.

இன்னொன்று. மேனிஃபோல்டு சென்சாருக்கும் ஓர் எல்லை உண்டு. 2.5 பார் வரை படிக்கும் சென்சார் என்றால் சுமார் 1.5 பார் பூஸ்ட்டோடு அதன் பார்வை முடிகிறது. அதற்கு மேல் எவ்வளவு போனாலும் அது அதே எண்ணைத்தான் சொல்லும். லாக்கில் பூஸ்ட் கோடு மேலே போய்க் கத்தியால் வெட்டியது போலத் தட்டையாக நின்றால், கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது என்று மகிழ வேண்டாம்.

ப்ளோ ஆஃப் வால்வு போட்டா பூஸ்ட் கன்ட்ரோல் ஆகுமா?

ஆகாது. அது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது அடைபட்ட காற்றை வெளியே விட மட்டும். மிதித்திருக்கும்போது அதற்கு வேலை இல்லை.

சாயங்காலம் நல்லா இருக்கு, டிசம்பர் அதிகாலையில மட்டும் ஓவர்பூஸ்ட் ஆகுது. ஊட்டிக்குப் போனா வேற மாதிரி. ஏன்?

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதே கொள்ளளவில் அதிகக் காற்று, அதிக எரிபொருள், அதிகப் புகை. வேஸ்ட்கேட் விட வேண்டிய மிச்சம் கூடுகிறது. மே மாத மதியத்தில் மயிரிழையில் தப்பிக்கும் கார், பனிக்கால விடியலில் மாட்டிக்கொள்ளும். அதனால் எக்ஸாஸ்ட் போட்டது கோடையில் என்றால், பனி நாளில் ஒரு லாக் மறுபடி எடுங்கள்.

ஊட்டிக் கதை வேறு. பல இசியுக்கள் முழு அழுத்தத்தை இலக்காக வைத்து ஓட்டுபவை. இலக்கு 2.0 பார் முழு அழுத்தம் என்றால், கோவையில் 0.97-லிருந்து 2.0-க்கு உயர்த்த வேண்டும், விகிதம் 2.1-க்குள். ஊட்டியில் 0.77-லிருந்து அதே 2.0, விகிதம் 2.6 ஆகிவிடும். டர்போ அதிக வேகத்தில் சுற்றியாக வேண்டும். ஒழுங்கான மேப்பில் மலைக்கு இலக்கைக் குறைக்கும் அட்டவணை இருக்கும். அவசரத்தில் போட்ட ரீமேப்பில் அது இருக்கிறதா என்று டியூனரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் தெரிந்துகொள்வதற்குப் பதில் கீழேயே தெரிந்துகொள்ளலாம்.

100 ஆக்டேன் பெட்ரோல் போட்டுட்டா கொஞ்சம் பூஸ்ட் கூடினாலும் தாங்குமா?

நாக்கிங்கை (பெட்ரோல் நேரம் தவறித் தானாக வெடித்து எரிவதை) தள்ளிப்போடும், அவ்வளவே. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 போன்றவை மேப் அதற்கேற்ப எழுதப்பட்டிருந்தால் பயன் தரும். டர்போவின் சுற்றையோ பிஸ்டனின் சுமையையோ பெட்ரோல் குறைக்காது. எல்லா ஊரிலும் கிடைக்கவும் கிடைக்காது. அந்தப் பெட்ரோலை நம்பி க்ரீப்பை விட்டுவைத்தால், திருவாரூர் பக்கம் ஏதோ ஒரு பங்க்கில் சாதாரண பெட்ரோல் போட்ட அன்று மாட்டிக்கொள்வீர்கள்.

என்னோடது டீசல். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

டீசல்களில் பலவற்றில் வேஸ்ட்கேட் இல்லை. டர்பைனைச் சுற்றி அசையும் தகடுகள் இருக்கும். அவை திறந்தும் மூடியும் பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும். ஆகவே ஓட்டை போதாமல் வரும் க்ரீப் அங்கே அரிது. எக்ஸாஸ்ட் மாற்றியதும் வருவது பெரும்பாலும் ஸ்பைக், அல்லது கரி படிந்து தகடு சிக்குவது. பிஎஸ்6 டீசலில் டிபிஎஃப் வடிகட்டி இருக்கும். அதைக் கழற்றினால் அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை ஒப்பிடும் சென்சாரும் குழம்பும். அதைக் கழற்றச் சொல்லி என்னிடம் வழி கேட்காதீர்கள்.

போலீஸ் பிடிச்சா?

பிடிக்கலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கம்பெனி விவரக்குறிப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், மாசு வரம்பை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை போகலாம், லைசன்சும் மூன்று மாதம் முடங்கலாம். கன்வெர்ட்டரைக் கழற்றியது இதில் வரும். டிராக்குக்கு மட்டும் ஓட்டும் கார் என்றால் தனிக் கணக்கு. ரோட்டு காருக்கு, கன்வெர்ட்டரும் போதிய சைலன்சரும் உள்ள பைப்பைத் தாண்டிப் போகாதீர்கள். பூஸ்ட் பிரச்சினையும் அதோடு பாதி குறைந்துவிடும்.

லாக்ல பூஸ்ட் இலக்கிலேயே மட்டமா நிக்குது. ஆனா டியூனர் "எல்லையில இருக்கு"ன்னு இழுக்கிறார். சும்மா பணம் பறிக்கப் பார்க்கிறாரா?

இல்லை, நல்ல டியூனர். அவர் பார்ப்பது பூஸ்ட் கோட்டை இல்லை, அதற்குக் கீழே ஓடும் சோலினாய்டு டியூட்டியை, அதாவது அந்த வால்வு எவ்வளவு சதவீத நேரம் இயங்குகிறது என்பதை. பெரும்பாலான கார்களில் டியூட்டி எவ்வளவு அதிகமோ ஆக்சுவேட்டர் அவ்வளவு ஏமாற்றப்படுகிறது. சில கார்களில் இது தலைகீழ், முதலில் உங்கள் காரில் எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய எக்ஸாஸ்ட்டில் 5500 ஆர்பிஎம்மில் 40 சதவீதம் இருந்த டியூட்டி, புதிய எக்ஸாஸ்ட்டில் 3, 4 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும். பூஸ்ட் நிற்கிறது, ஆனால் இசியுவின் கையில் இறக்குவதற்கு இன்னும் மிச்சம் ஒன்றும் இல்லை. வெயில் காலத்தில் எடுத்த லாக் என்றால், பனி வரும்போது டியூட்டி பூஜ்யத்தைத் தொட்டுவிடும். அதன் பிறகு ஏறுவது க்ரீப்.

என் காரில் ஃபிளாஞ்சைச் சீவிய பிறகு அதே ஆர்பிஎம்மில் டியூட்டி 4-லிருந்து 22 சதவீதத்துக்கு வந்தது. அந்த 5500-ல் பூஸ்ட் எண் இரண்டு லாக்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் அன்று மே மாதம், இலக்கையும் ஏற்கெனவே உயர்த்தி வைத்திருந்தோம். டியூட்டியைப் பார்க்காமல் அந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்திருந்தால், சீவியது வீண் என்று நினைத்திருப்பேன். உங்கள் டியூனரிடம் இரண்டு லாக்கையும் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.